நான்கு மணி நேரச் சிவப்பு

அம்சவல்லிக்கு நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்த ஒரு மனிதர் காரில் வந்து இறங்கினார் என்றால், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

பென்னலூர்க்காரி அவள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் ஒரு சின்ன அளவுக்கூடத்தின் வெளிவேலை ஆளாகப் பதினான்கு வருஷமாக இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஸ்கூட்டரில் அலைகிறாள். எந்தக் கம்பெனி கேட்டில் எத்தனை நிமிஷம் போகும், எந்த செக்யூரிட்டி லேப்டாப் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி உயிரை வாங்குவார், எந்தக் கேன்டீனில் பதினொன்றே முக்காலுக்குப் போனால் வரிசையில்லாமல் சாப்பிடலாம், ஷிஃப்ட் மாறும்போது எந்தச் சந்தில் நுழைந்தால் கம்பெனி பஸ்களிடம் மாட்டாமல் தப்பலாம், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. லேப்டாப் நம்பரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிப் பத்துச் சீட்டு பையிலேயே வைத்திருப்பாள். போன் கேமரா மேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் நாலு, போன் உறைக்குள்ளேயே இருக்கும். இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூவை வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். நாத்தனார் மகள் வளைகாப்புக்குக்கூட அந்த ஷூவோடு போய் நின்று பேச்சு வாங்கியவள். அவளுக்குப் போய் நேரப் பாடம்!

பாடம் நடத்த வந்தவர் புருஷோத்தமன். சென்னையிலிருந்து நாலு மாதம் முன்பு மேனேஜராக வந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதையும் போனில் பார்த்தால்தான் நம்புவார், நேரில் பார்த்தால் சந்தேகப்படுவார். அப்படி ஒரு ரகம்.

அம்சவல்லியின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆலைகளில் பாகங்களை அளக்கிற கருவிகள் இருக்கின்றன அல்லவா, அந்தக் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று அளந்து பார்க்கிற வேலை. அதற்கு அவளிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே பளபளவென்று எஃகுக் கட்டைகள். தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாதவை. மாஸ்டர் என்பார்கள். இரும்பு சூட்டில் நீளும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். வெயிலில் வந்த மாஸ்டரை எடுத்த கையோடு வைத்து அளந்தால், நல்ல கருவி கெட்டதாகத் தெரியும், கெட்டது நல்லதாகத் தெரியும். ஆகவே இருபது டிகிரியில் குளிர்ந்திருக்கும் அறையில் பெட்டியை நாலு மணி நேரம் வைக்க வேண்டும். அதற்கு சோக் என்று பெயர். மாஸ்டரை விட்டு ஆள் நகரவும் கூடாது, அது லேபின் சட்டம். பெட்டியோடு அவளும் உட்கார வேண்டும். நாலு மணி நேரம் கழித்துத் திறந்து, அளந்து, சர்டிஃபிகேட் எழுதி, அடியில் கையெழுத்துப் போடுவாள்.

அந்தக் கையெழுத்து சும்மா வந்ததில்லை. டிப்ளமோ படித்துவிட்டு ஆறு வருஷம் மற்றவர்களுக்குப் பெட்டி தூக்கி, இரண்டு பரீட்சை எழுதி, ஒருமுறை தோற்று, மூன்று பேர் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வியர்க்க வியர்க்கப் பதில் சொல்லி வாங்கியது. லேபில் அவளையும் லோகேஷையும் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமை கிடையாது. புருஷோத்தமனுக்கும் கிடையாது.

மூன்று மாதம் முன்பு அவர் எல்லோர் போனிலும் ஓர் ஆப் போட்டார். போன் அசைந்துகொண்டிருந்தால் பச்சை. இருபது நிமிஷம் அசையாமல் கிடந்தால் சிவப்பு. சிவப்பானதும் காரணம் கேட்கும். டிராஃபிக், டீ, சாப்பாடு, சொந்த வேலை என்று நாலே காரணங்கள். சோக் என்று ஐந்தாவதாக ஒன்றைப் போட யாருக்கும் தோன்றவில்லை. பொய்யாக டீ என்று அமுக்க அம்சவல்லிக்கு மனசு வரவில்லை. வெறுமனே விட்டாள். திங்கட்கிழமை தோறும் மீட்டிங்கில் சுவரில் பட்டியல் ஒளிரும். மேலே லோகேஷ், மழை பெய்த புல்வெளி மாதிரி பச்சை. அடியில் அம்சவல்லி, பொட்டு வைத்த மாதிரி சிவப்பு.

லோகேஷின் பச்சை ரகசியத்தை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். "ஸ்டோர்லேந்து லைனுக்கு பார்ட்ஸ் எடுத்துகினு ஒரு வண்டி சுத்திகினே கீதுல்லக்கா, அதுல போனை வெச்சிடுவேன். அது பாட்டுக்கு கம்பெனி பூரா சுத்தும். நீயும் வெச்சிடேன்."

"நான் இன்னா திருடிகினா கீறேன், ஒளிச்சு வெக்க? வேலை செஞ்சுகினு கீறேன். சிவப்பா காட்டுதா, காட்டட்டும் போ" என்றாள் அம்சவல்லி. அவனை யாரிடமும் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு லேப் வாசலில் காரை நிறுத்திய புருஷோத்தமன், பையிலிருந்து ஒரு நீல ஃபைலை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு கடிதம். திங்கள் முதல் அம்சவல்லியின் கையெழுத்து உரிமை நிறுத்தப்படுகிறது, எல்லா சர்டிஃபிகேட்டிலும் லோகேஷே கையெழுத்திடுவார், அவள் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுப்பாள்.

"இன்னைக்கு நான் கூட வரேன். டிராவல்ல டைமை எப்படி யூஸ் பண்றதுன்னு பாருங்க. காலைல சுங்குவார்சத்திரம், ரெண்டு மணிக்கு ஒரகடம். ரெண்டு சைட்டும் முடிச்சிட்டா இந்த லெட்டர் ஃபைல்லயே கிடக்கும். இல்லன்னா எனக்கு வேற வழியில்ல" என்றார். சொல்லிவிட்டுத் தன் போனிலும் ஆப்பைத் திறந்து, வெளிவேலை என்று பதிவு செய்துகொண்டார். "பாத்தீங்களா, மேனேஜருக்கும் இதே ரூல்தான். முதலாளியே என்னையும் பாக்கலாம்."

அம்சவல்லி கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினான்கு வருஷ வாழ்க்கை ஒரு நீல ஃபைலுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தால் யாருக்குத்தான் பயமிருக்காது? ஆனால் பயந்தால் பல்லைக் கடித்துக்கொள்வது அவள் பழக்கம். கடித்துக்கொண்டாள்.

அவள் உள்ளே போய்த் தன் பையை எடுத்து வருவதற்குள் அவர் பெட்டியைத் தானே காரில் ஏற்றிவிட்டார். கார் கிளம்பியது. அவர் காதில் ஒரு போன், மடியில் ஒரு லேப்டாப், டிரைவரிடம் ஒரு கண். பெங்களூர் ரோட்டில் லாரிகள் நகராமல் நின்ற இடத்தில் இரண்டு மெயிலை அனுப்பிவிட்டுப் பெருமையாகத் திரும்பினார்.

"இதுதான் டிராவல் டைம். அப்புறம் உங்க சோக்குக்கும் நான் வழி பண்ணிட்டேன். ஏ.சி.யை பாருங்க. கரெக்டா இருபது. இங்கேந்தே ஊறிக்கிட்டு வருது. போனதும் அளக்க ஆரம்பிச்சிடலாம்."

"பொட்டி எங்க சார் வெச்சீங்க?"

"டிக்கியில."

"டிக்கியில ஏது சார் ஏ.சி.?"

டிரைவர் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, சிரிப்பை ரோட்டின் பக்கம் திருப்பிக்கொண்டார். புருஷோத்தமன் அதற்குப் பிறகு சுங்குவார்சத்திரம் வரைக்கும் மெயில் மட்டும்தான் பார்த்தார்.

கேட்டில் அம்சவல்லி சீட்டை நீட்டினாள், ஸ்டிக்கரை ஒட்டினாள், ஆதார் நகலைக் கொடுத்தாள், ஆறு நிமிஷத்தில் உள்ளே. புருஷோத்தமன் வெளியே. லேப்டாப் நம்பர் தெரியவில்லை. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் நம்பர் தேய்ந்திருந்தது. காலில் சேஃப்டி ஷூ இல்லை, பளபளவென்று தோல் செருப்பு. செக்யூரிட்டி கொடுத்த ஷூ இரண்டும் வலது கால். இன்னொரு ஜோடி தேடி, சேஃப்டி படம் பார்க்க வைத்து, அதில் கேட்ட ஐந்து கேள்விகளில் மூன்று தப்பாகி மறுபடி பார்க்க வைத்து, அவர் உள்ளே வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. நேரப் பாடத்தின் முதல் அத்தியாயம் இப்படி முடிந்தது.

அளவு அறை, பாகங்களைப் பூட்டும் லைனுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட குளிர் அறை. பொறுப்பாளர் ரஞ்சனி, சுறுசுறுப்பான பெண். "வாங்க அம்சாக்கா. நாளைக்கு எங்களுக்கு ஆடிட். அஞ்சு மணிக்குள்ள சர்டிஃபிகேட் கைல இருந்தா போதும்" என்றாள்.

மேனேஜருக்காகக் கேட்டின் உள்பக்கமே காத்திருந்துவிட்டு வந்த அம்சவல்லி பெட்டியை மேஜையில் வைத்தாள், வெப்பமானியின் முனையைப் பெட்டியின் சிறு துளை வழியே உள்ளே விட்டாள், நோட்டில் பத்து மணி என்று எழுதினாள், பையிலிருந்து கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அரை மணி நேரம். அப்புறம் திறந்துடுங்க" என்றார் புருஷோத்தமன்.

"ரெண்டு மணிக்கு தான் சார் தொறப்பேன்."

"ரெண்டு மணிக்கு நாம ஒரகடத்துல இருக்கணும்!"

"அங்க போனாலும் இதே பொட்டி, இதே நாலு மணி நேரம். காலைலயே சொன்னேனே சார். நீங்க போன்ல இருந்தீங்க, கேக்கல."

"லோகேஷ் முடிக்கிறான்ல? ஒரு நாளைக்கு மூணு சைட்!"

லோகேஷைப் பற்றி வாய் திறக்க வேண்டாமென்று அம்சவல்லி நோட்டில் குனிந்துகொண்டாள்.

ரஞ்சனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாடிக்கையாளர் முன்னால் தன் பேச்சு எடுபடாமல் போனதில் புருஷோத்தமனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது ஆர்டர் அம்சவல்லி. திறங்க."

அவள் எழுந்தாள். கழுத்தில் கயிற்றோடு தொங்கிய சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சாவி இந்தா கீது சார். நீங்க தொறங்க. நீங்க அளங்க. நீங்களே கையெழுத்தும் போடுங்க. எம்பேர் அதுல வராது. இன்னைக்கும் வராது, திங்கக்கிழமையும் வராது. லெட்டரை இப்பவே வேணாலும் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா சூடா கீற மாஸ்டரை வெச்சு அளந்துட்டு, சரியா கீதுன்னு நான் எழுத மாட்டேன். இதுல அளந்து போற பார்ட்டு எவனோ ஒருத்தன் வண்டில பிரேக்கா மாட்டிகினு போவுது சார்."

சாவி மேஜையில் கிடந்தது. புருஷோத்தமன் அதைப் பார்த்தார், தொடவில்லை. தொட்டால் கையெழுத்தும் அல்லவா போட வேண்டும்! ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்சவல்லி சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

பத்து இருபதுக்கு இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் கத்தின. சிவப்பு. அவளுக்கும் சிவப்பு, அவருக்கும் சிவப்பு.

அம்சவல்லி தன் போனைத் திருப்பிக் கவிழ்த்துவிட்டு, நேற்றைய சர்டிஃபிகேட்டுகளைக் கையால் சரிபார்க்கத் தொடங்கினாள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வெப்பம் குறித்தாள். முதலில் முப்பத்தாறு, அப்புறம் முப்பத்திரண்டு, இருபத்தொன்பது. புருஷோத்தமன் லேப்டாப்பைத் திறந்தார். வெளியாள் லேப்டாப்புக்கு அங்கே நெட் கிடையாது. போனைப் பார்த்தார். மறுபடி சிவப்பு. எழுந்து வெளியே போய் நடந்தார். நாலு தரம் போய் வந்திருப்பார், செக்யூரிட்டி வந்து, "சார், விசிட்டர்லாம் மஞ்சக் கோட்டைத் தாண்டக் கூடாது. உள்ள குந்துங்க சார்" என்று அனுப்பிவிட்டார். அறைக்குள் நடக்கலாமென்றால் இரண்டு எட்டில் சுவர் வந்துவிடுகிறது. போனைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒரு மேனேஜர் தொட்டில் ஆட்டுகிற மாதிரி போன் ஆட்டுகிறார்! ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் கை வலித்து நிறுத்தினார். குளிர் வேறு. அம்சவல்லி பையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து நீட்டினாள். வாங்கிக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

பன்னிரண்டே கால் இருக்கும். ரஞ்சனி சாப்பிடப் போயிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே அந்த வண்டி வந்து நின்றது. பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு லைனைச் சுற்றும் வண்டி. ஆள் கிடையாது, தரையில் ஒட்டிய கறுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு தானே போகும்.

புருஷோத்தமன் வண்டியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார்.

அட, லோகேஷ் இவருக்குச் சொல்லித் தரவே இல்லை, சத்தியமாக! சிவப்பு விளக்கு ஒன்று கண்ணில் குத்திக்கொண்டே இருந்தால் எல்லா மூளையும் ஒரே சந்தில்தான் போய் நுழையும் போலிருக்கிறது. சாதாரணமாகக் காற்று வாங்கப் போகிறவர் போலக் கதவைத் திறந்தார். மேல் தட்டில் போனை வைத்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சார், வேணாம்..." என்று அம்சவல்லி எழுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்திருப்பாள். பெட்டியை விட்டு நகரக் கூடாதே.

"மீட்டிங்ல ஒரு நம்பரும் கெடக் கூடாதில்ல" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அவள் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தாள்.

பத்தாவது நிமிஷம் லைனில் மஞ்சள் விளக்கு சுழன்றது. மணி அடித்தது. லைன் நின்றது. பார்ட்ஸ் தட்டில் பார்ட்ஸ் அல்லாத ஒரு பொருள் வந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்த வேண்டும் என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது. இழுத்தவள் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கையுறையோடு போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே மென்று முடிக்காத சோற்றோடு ரஞ்சனி.

"பார்ட்ஸ் வண்டில இது வந்து கெடந்து அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுத்துக் கேட்டா யாரோ கோவாலு சாராம், புருசோத்தமன் எங்கன்னு கேக்காவ. நான் யாரக் கண்டேன்? இன்னும் போன்லதான் இருக்காவ."

கோபால்தான் முதலாளி. புருஷோத்தமன் எழுந்தார். கை நீளவில்லை. அம்சவல்லி ஓரெட்டு வைத்துப் போனை வாங்கினாள்.

இந்த இடத்தில் அவள் நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் அந்த ஆளைத் தீர்த்துக் கட்டியிருக்கலாம். மூன்று மாதச் சிவப்புக்கும் வட்டியோடு கொடுத்திருக்கலாம். ஆசையாகவும்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"யாரும்மா அது? புருஷோத்தமன் என்ன பண்றான் அங்க? காலைலேந்து சிவப்பு, சிவப்பு, திடீர்னு பச்சை. போன் போட்டா எவளோ எடுக்கிறா!"

"சார், நான் அம்சவல்லி. அவர் எம் பக்கத்துல தான் குந்திகினு கீறாரு. ரெண்டு பேரும் வேலை செஞ்சுகினு கீறோம். பொட்டி சோக்ல கீது."

"வேலையா? ரெண்டு பேருமே சிவப்பும்மா!"

"ஆமா சார். சிவப்பு தான். சோக் போட்டா சிவப்பா தான் வரும். இந்த மூணு மாசம் எவன் பச்சையா கீறானோ, அவன் சர்டிஃபிகேட்டை எடுத்து பாருங்க. நான் பேர் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க. மீதிய சாரே சொல்லுவாரு."

போனைப் புருஷோத்தமன் கையில் திணித்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார், இடுப்பில் கைவைத்து நின்ற ரஞ்சனியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"சார்... அவங்க சொல்றது சரி சார். இப்ப இருபத்திரண்டுலதான் இருக்கு. காலைல முப்பத்தாறு. ரெண்டு மணி வரைக்கும் திறக்கவே கூடாது சார். நாங்க சும்மா இல்ல சார்! இதுதான் சார் வேலையே!"

கடைசி இரண்டு வரியைக் கத்தியே சொன்னார். சொன்னபின் அவருக்கே காது கூசியிருக்க வேண்டும். அதே இரண்டு வரியைத்தான் அம்சவல்லி மூன்று மாதமாகத் திங்கட்கிழமை தோறும் சொல்லி வந்தாள். பிறகு ரஞ்சனியிடம் கையெடுத்துக் கும்பிட்டார். லைன் மூன்று நிமிஷம் நின்றதற்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள் அவள். எழுதினார். ஒரகடத்துக்கும் போன் செய்து, நாளைக்கு வருவதாகச் சொன்னார்.

இரண்டு மணிக்கு வெப்பமானி இருபதைக் காட்டி அரை மணி ஆகியிருந்தது. அம்சவல்லி சால்வையை மடித்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். பதினோரு கருவிகளில் ஒன்பது தேறின, இரண்டு தேறவில்லை. ரஞ்சனி அந்த இரண்டையும் அப்போதே சிவப்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். நாலரைக்கு சர்டிஃபிகேட் தயார். அடியில் அம்சவல்லி நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

கேட்டுக்கு வெளியே பெட்டியை வாங்கிய டிரைவர் டிக்கியைத் திறக்கப் போனார். "பின் சீட்ல வைப்பா" என்றார் புருஷோத்தமன். வைத்து சீட் பெல்ட்டும் போடச் சொன்னார். பிறகு போனைத் திறந்தார். சிவப்புக்குக் காரணம் கேட்டு ஆப் காத்துக்கொண்டிருந்தது. டிராஃபிக், டீ, சாப்பாடு, சொந்த வேலை. மேலே தள்ளினார், கீழே தள்ளினார்.

"இதுல எதைம்மா போடறது?"

"மூணு மாசமா நானும் அதைத்தான் தேடிகினு கீறேன் சார். அதுல இல்ல. நீங்க தானே செஞ்சீங்க, நீங்களே சேருங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல, சுவத்துல, எல்லாருக்கும் தெரியற மாரி."

"சேத்துடறேன்."

"அந்த லெட்டர்?"

"எந்த லெட்டர்?" என்று கேட்டபடி புருஷோத்தமன் கார் கதவைத் திறந்தார்.

அம்சவல்லி கதவின் மேல் கையை வைத்து அடைத்தாள். "நீல ஃபைல்ல கீதே, அது. மறந்துட்ட மாரி பேசினா நாளைக்கு ஞாபகம் வந்துடும் சார். இப்பவே எடுங்க. எங்கண் எதிர்ல கிழிங்க."

ஷிஃப்ட் விட்டு நூறு பேர் பஸ்ஸுக்காகக் கேட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். புருஷோத்தமன் ஃபைலை எடுத்து, கடிதத்தை உருவி, இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். எட்டாகக் கிழிக்கிற வரைக்கும் அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.